மூன்றாவது தவளை

சப் இன்ஸ்பெக்டர் ரெத்தினம் பொத்தானை அமுக்கினார். மேஜைமேல் இருந்த சிங்கப்பூர் டேப்ரிக்கார்டர் ஒருமுறை கரகரத்துவிட்டு முழங்க ஆரம்பித்தது.

“இனியும் பொறுத்தால் நம்மைக் கோழைகள் என்பார்கள்! பொழுது விடிவதற்குள் போரை மூட்டுங்கள்! எதுவும் மிஞ்சக்கூடாது, எல்லாம் சாம்பலாக வேண்டும்!”

குரலுக்குப் பின்னால் தவளைகள் விடாமல் கத்திக்கொண்டிருந்தன. ரெத்தினம் பொத்தானை மறுபடி அமுக்க, முழக்கமும் தவளையும் ஒன்றாக அறுந்தன.

“குரல் கணீர்னு இருக்கு சார். தேர்தல்ல நின்னா ஜெயிச்சிடுவாரு” என்றாள் செவ்வந்தி.

“அவரு உள்ள நிக்கிறாரும்மா” என்று லாக்கப்பைக் காட்டினார் ரெத்தினம். “நேத்து சாயங்காலம் களத்துமேட்டுல விவசாயத் தொழிலாளர் சங்கக் கூட்டம். அதுல மருதையன் பேசுன பேச்சு இது. ராத்திரியே பண்ணையார் அமிர்தலிங்கத்தோட போர் திகுதிகுன்னு எரியுது. அத்தனையும் கதிர் அடிக்காத நெல்லுக் கட்டு. வேற என்ன சாட்சி வேணும் வஹாப் பாய்?”

துப்பறியும் வஹாப் பதில் சொல்லவில்லை. அதிராம்பட்டினத்தில் பிறந்து தஞ்சாவூரில் ஆபீஸ் போட்டிருந்த அப்துல் வஹாப், பேசினால் அரசாங்கம் வரி போட்டுவிடும் என்று யாரோ பயமுறுத்தி வளர்த்த ஆள் மாதிரி இருப்பார். அவர் வாயை மூடிக்கொண்டால் எதிரே இருப்பவர்கள் சங்கடப்பட்டு எதையாவது பேசிவிடுவார்கள். பாதி வழக்கு அப்படித்தான் முடியும். அந்த மௌனத்துக்கும் சேர்த்துப் பேசுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள் செவ்வந்தி. முன்பு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். பெரிய அதிகாரி ஒருவரிடம் “கொஞ்சம் மெதுவா கத்துங்க” என்று சொன்னதால் வேலை போனது. அவள் காது மட்டும் இன்னும் ஹெட்போன் மாட்டிய காதுதான்.

அன்று காலை முதல் பஸ்ஸில் தஞ்சாவூர் வந்து, ஆபீஸ் கதவு திறக்கும் முன்பே வாசலில் நின்றவள் மருதையனின் மனைவி பொன்னுத்தாய். அழவில்லை. காரியத்தைச் சொன்னாள். அவர்கள் குத்தகைக்குச் சாகுபடி செய்யும் நிலத்துக்கு இன்று பிற்பகல் தாசில்தார் நேரில் வருகிறார். யார் உழுகிறார் என்று பார்த்துப் பெயரைப் பதிவு செய்வார். பதிவாகிவிட்டால் நிலத்தைவிட்டு அவர்களை யாரும் கிளப்ப முடியாது. அமிர்தலிங்கமோ, எல்லாம் தன் சொந்தப் பண்ணை, குத்தகைக்காரன் என்று ஒருத்தனுமே இல்லை என்று மனுக் கொடுத்திருக்கிறார். இத்தனை நாள் அவர் வாய்தா வாங்கி இழுத்ததில், தாசில்தார் இன்றுதான் வருகிறார். இன்று பார்த்து மருதையன் லாக்கப்பில்.

“கூட்டத்துக்கு வந்தவங்களை விசாரிச்சீங்களா சார்?” என்று கேட்டாள் செவ்வந்தி.

“எல்லாரும் ஒரே சங்கம். அப்படிப் பேசவே இல்லைங்குறாங்க. அவங்க வேற என்ன சொல்வாங்க? இந்தக் கேசட்டைக் குடுத்தது சங்கத்தானும் இல்ல, பண்ணை ஆளும் இல்ல. மைக் செட் சாரங்கபாணி. கூட்டத்துக்கு மைக் கட்டுனவரு. கட்சி கூட்டம், கல்யாணம், காதுகுத்து எல்லாத்துக்கும் பொதுவான மனுஷன்.”

வஹாப் எழுந்து லாக்கப் பக்கம் போனார். உள்ளே மருதையன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒல்லி உடம்பு. அந்தக் குரல் எங்கே குடியிருக்கிறதோ தெரியவில்லை.

“பாய், அது நாடக வசனம்” என்றான் மருதையன். “பொங்கலுக்கு நாங்க போடப்போற நாடகத்துல நான்தான் சோழ தளபதி. எதிரி நாட்டு மேல போரை மூட்டச் சொல்றேன். போர்னா சண்டை. இவங்க வைக்கப்போர்னு எடுத்துக்கிட்டாங்க. சொன்னாச் சிரிக்கிறாங்க.”

செவ்வந்திக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். இந்தப் பக்கத்தில் போர் என்றால் முதலில் கண்ணில் படுவது களத்தில் அடுக்கிய கட்டுதான். யுத்தம் எல்லாம் ரேடியோவில் வருவது.

“நாடகத் தமிழ்ல இருக்கே, அதைக்கூடக் கவனிக்கலையா சார்?” என்று ரெத்தினத்தைப் பார்த்தாள்.

“ஏம்மா, இப்பல்லாம் எவன் மேடையில வேற தமிழ் பேசுறான்? வாய்க்கால்ல தண்ணி விடலைன்னு சொல்ல வந்தவன்கூட ‘காவிரித் தாயின் கண்ணீர்’னுதான் ஆரம்பிக்கிறான். நாடகம் எது, கூட்டம் எதுன்னு நான் எப்படிப் பிரிக்கிறது?”

அதில் நியாயம் இருந்தது.

“ஒத்திகை எங்கே?” என்று வஹாப் கேட்டார். அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை.

“பள்ளிக்கூடத்துல, பாய். ஓட்டுக் கட்டடம். கதவு சன்னல் எல்லாம் சாத்திட்டுத்தான் நடத்துவோம்” என்றான் மருதையன்.

“பாத்தீங்களா!” ரெத்தினம் மேஜையைத் தட்டினார். “அவன் வாயாலயே சொல்லிட்டான். பள்ளிக்கூடத்துக்குள்ள தவளைக்கு என்ன வேலை? பாடம் படிக்கவா? டேப்புல தவளை கத்துது. அதனால இது வயல். இது நேத்து மழையில களத்துமேட்டுல பதிஞ்சது. தவளை பொய் சொல்லாது பாய்.”

வஹாப் சன்னலுக்கு வெளியே ஐப்பசித் தூறலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நெடுநேரம் நின்றார். ரெத்தினம் தொண்டையைச் செருமினார், தொப்பியை இடம் மாற்றி வைத்தார், கடைசியில் தாங்க முடியாமல், “மத்தியானம் இவனைக் கோர்ட்டுக்கு அனுப்பணும். அதுக்குள்ள என்ன வேணுமோ பாத்துக்குங்க” என்றார்.

“இந்த டேப்பு வேணும்” என்றார் வஹாப்.

“தடயத்தைத் தர முடியாது.”

மறுபடியும் மௌனம்.

“சரி, சரி. கான்ஸ்டபிள் வைரக்கண்ணு மடியில வச்சுக்கிட்டுக் கூட வருவான். அவன் மடியைவிட்டு இறங்கக்கூடாது.”

வஹாப்பின் பழைய ஃபியட் கார் பொன்னேரிமங்கலம் களத்துமேட்டில் போய் நின்றது. வைரக்கண்ணு பின்சீட்டில், பச்சைப்பிள்ளையை ஏந்துவதுபோல டேப்ரிக்கார்டரை ஏந்தி உட்கார்ந்திருந்தார். வஹாப் இறங்கினார், எரிந்த போரின் கரியைப் பார்த்தார், பிறகு குடையை விரித்துக்கொண்டு வரப்பில் நின்றுவிட்டார்.

தூறலுக்குக் குஷியாகித் தவளைகள் பகலிலேயே கச்சேரி நடத்திக்கொண்டிருந்தன. செவ்வந்தி முதலில் அதை ஒரே இரைச்சலாகத்தான் கேட்டாள். வஹாப் அசையாமல் நிற்கவே அவளும் காதைக் கொடுத்தாள். எக்ஸ்சேஞ்சில் ஐந்தாறு லைன் கலந்து வந்தால் பிரித்தெடுத்த காது. மெல்ல இரைச்சல் இரண்டாகப் பிரிந்தது. தண்ணீர் நின்ற நடவு வயலிலிருந்து ‘டக்... டக்... டக்’ என்று கொட்டாங்கச்சியில் குச்சி தட்டுகிற சத்தம். வரப்போரத்துச் சேற்றிலிருந்து ‘க்ர்ர்ரீ’ என்று சீப்புப் பல்லில் நகம் ஓட்டுகிற சத்தம். அது வேறு, இது வேறு.

“வைரக்கண்ணு அண்ணே, அந்த டேப்பைப் போடுங்க.”

அவர் பொத்தானை அமுக்கினார். செவ்வந்தி கண்ணை மூடிக்கொண்டு மருதையனின் முழக்கத்தை விலக்கினாள், தவளையை மட்டும் பிடித்தாள். சீப்பாகத்தான் ஆரம்பித்தது. ஆனால் நடுவில் பல் உதிர்ந்து, கடைசியில் தட்டாக முடிந்தது. க்ர்ர்-டக்-டக்.

“சார், இது ரெண்டும் இல்ல. இது மூணாவது லைன்!”

வஹாப் தலையாட்டினார். அவருக்குத் தெரிந்திருந்ததா, இப்போதுதான் தெரிந்ததா என்று அவர் முகத்தை வைத்துச் சொல்ல முடியாது. “தவளை பத்தித் தெரிஞ்சவங்க யாரு?” என்று மட்டும் கேட்டார்.

செவ்வந்தி நெற்றியில் அடித்துக்கொண்டாள். “குஞ்சிதபாதம்! காலேஜ்ல விலங்கியல் புரொபசரா இருந்தாரு. மெட்ராசுக்கு ட்ரங்க் கால் போட்டு யாருக்கோ தவளை மாதிரியே கத்திக் காட்டுவாரு. நான் லைன்ல கோளாறுன்னு நினைச்சு ரெண்டு தடவை கட் பண்ணிட்டேன். ரிட்டயர் ஆகி இப்ப இங்கதான், குடவாசல்ல இருக்காரு.”

குஞ்சிதபாதத்தின் வீட்டுக் கொல்லையில் வரிசையாகச் சிமெண்டுத் தொட்டிகள். அவர் முழங்காலுக்கு மேல் வேட்டியை மடித்துக்கட்டி, ஒரு தொட்டிக்கு மேலே பூவாளியால் மழை பெய்துகொண்டிருந்தார். நிஜ மழையும் பெய்துகொண்டுதான் இருந்தது.

“புரொபசர் சார், ஒரு தவளையை அடையாளம் காட்டணும்” என்றாள் செவ்வந்தி.

“ஆள் எங்கே?”

“குரல்தான் இருக்கு.”

“குரல்தான் வேணும்” என்றார் குஞ்சிதபாதம். “வயல்ல ரெண்டு சின்னத் தவளை இருக்கு. அண்ணன் தம்பி மாதிரி. உருவத்தை வச்சு நான்கூடத் தடுமாறுவேன். ஆனா பெண் தவளை தடுமாறாது. தட்டுற குரலுக்குத் தட்டுறதோட பெண் போகும், சீப்புக் குரலுக்குச் சீப்போட பெண் போகும். ஒரே வயல், ஒரே மழை, பக்கத்துப் பக்கத்துல உக்காந்து கத்தும். கல்யாணம் மட்டும் கிடையாது.”

“நம்ம ஊரு தெரு மாதிரி” என்றாள் செவ்வந்தி.

“அதைவிடக் கறார். இங்க அரிவாள் எல்லாம் வேண்டாம், காதே போதும்.”

வைரக்கண்ணு டேப்பைப் போட்டார். முதல் தவளைக் குரல் வந்ததுமே புரொபசரின் கையிலிருந்த பூவாளி சாய்ந்தது. தண்ணீர் அவர் காலிலேயே கொட்டியது. அவர் கவனிக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது.

செவ்வந்தி வஹாப்பை இடித்தாள். “சார், மாட்டிக்கிட்டாரு” என்று கிசுகிசுத்தாள்.

“இது... இது எங்கே பதிஞ்சது?” புரொபசர் டேப்ரிக்கார்டர்மேல் குனிந்தார்.

“களத்துமேட்டு வயல்லன்னு போலீஸ் சொல்லுது.”

“வயல்லயா? திறந்த வயல்லயா?” குஞ்சிதபாதம் வைரக்கண்ணுவின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார். “தானாவா? ஐயோ, நான் ஜெயிச்சிட்டேன்! சொன்னேனே, ஒருத்தனும் கேக்கலையே!”

பிடிபட்ட ஆள் இப்படிக் குதிக்கமாட்டான் என்பது செவ்வந்திக்கு உறைத்தது. புரொபசர் அவர்களை இழுத்துக்கொண்டு கடைசித் தொட்டிக்குப் போனார். அங்கே ஒரு சின்னத் தவளை, தொண்டையை உப்பவைத்துக் கத்தியது. க்ர்ர்-டக்-டக்.

“ரெண்டு இனத்தையும் இந்தக் குறுகலான தொட்டியில போட்டு அடைச்சேன். தேர்ந்தெடுக்க இடமில்ல, சேர்ந்துடுச்சு. முட்டை பெரும்பாலும் அழுகிப் போச்சு. பொழைச்சதுல வளர்ந்து கத்துறது இவன் ஒருத்தன்தான். பாவம், இவன் குரலுக்கு ரெண்டு பக்கத்துப் பெண்ணும் திரும்பிப் பாக்கறதில்ல. ரெண்டு பாஷையையும் கலந்து பேசறான், ஒருத்தருக்கும் புரியல. இப்படி ஒரு கலப்பு வயல்ல தானா நடக்கும்னு நான் எழுதினேன். மெட்ராசுல சிரிச்சாங்க. இப்ப வயல்லயே பாடியிருக்கு! எழுதிக் குடுக்கறேன், கையெழுத்துப் போட்டுத் தர்றேன். இது பொன்னேரிமங்கலம் வயல்தான்!”

செவ்வந்தி புரொபசரின் கையையே பார்த்தாள். அவர் கையெழுத்துப் போட்டால் மருதையன் கதை முடிந்தது. தவளையோடு தவளை நிபுணரும் போலீஸ் பக்கம் சாட்சி. வைரக்கண்ணுவே பரிதாபமாக அவளைப் பார்த்தார்.

வஹாப் தொட்டிச் சுவரில் உட்கார்ந்தார். மழை பெய்தது. ஒற்றைத் தவளை கத்தி ஓய்ந்தது, மறுபடி கத்தியது. அதற்குப் பதில் குரல் வரவில்லை. புரொபசர் சிரித்துக்கொண்டே இருந்தார். பிறகு சிரிப்பு கொஞ்சம் தேய்ந்தது.

“சார்,” என்றார் வஹாப் மெதுவாக, “வயல்ல பதிஞ்சதுன்னா, மத்த ரெண்டு தவளையும் எங்கே?”

புரொபசர் டேப்ரிக்கார்டர் பக்கம் திரும்பினார். “மறுபடி போடுங்க” என்றார். கேட்டார். “இன்னொரு தடவை.” கேட்டார். மூன்றாவது தடவை கேட்கும்போது அவர் தலை குனிந்திருந்தது. ஊரெல்லாம் நிறைந்து கத்துகிற அந்த இரண்டு குரல்களும் டேப்பில் மருந்துக்குக்கூட இல்லை. எங்குமே இல்லாத குரல் மட்டும் தனியாக இருந்தது.

அவர் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு நின்றார். செவ்வந்தி கேலி எதுவும் தோன்றாமல் நின்றாள். இந்த மனிதர் “ஆமாம், வயல்தான்” என்று சொல்லிவிட்டால் அவர் ஜெயிப்பார். இந்த ஜில்லாவில் அதை மறுத்துப் பேசத் தெரிந்த ஆள் ஒருவரும் இல்லை.

“அவன்தான்” என்றார் குஞ்சிதபாதம், தொட்டியைப் பார்த்தபடி. “இவன் குரல். வயல்ல ஒண்ணும் பாடலை. என் கொல்லையில பாடினது.”

“உங்க கொல்லைக்கு மருதையன் வந்திருக்காரா?” என்றாள் செவ்வந்தி.

“எந்த மருதையன்? இங்க யாரும் வரதில்லை. மைக்கைத் தூக்கிட்டு அந்தப் பையன் வந்தான், அவ்வளவுதான். இவன் குரலைப் பதிஞ்சு மெட்ராசுக்கு அனுப்பணும்னு நான்தான் கூப்பிட்டேன். எனக்கு ஒரு கேசட் குடுத்துட்டு, தனக்கும் ஒண்ணு வச்சுக்கிட்டான். நாடகத்துல காட்டுக் காட்சிக்கு ஆகுமாம்.”

“யாரு?”

“சாரங்கபாணி.”

வைரக்கண்ணு மடியில் இருந்த டேப்ரிக்கார்டரை, அது ஏதோ கடித்துவிட்டதைப்போலப் பார்த்தார்.

ஸ்டேஷனில் சாரங்கபாணி தும்பைப்பூச் சட்டையும் ஜவ்வாது வாசனையுமாக வந்து உட்கார்ந்தார். மேஜைமேல் இரண்டு டேப்ரிக்கார்டர்கள்: ஒன்று போலீசுடையது, மற்றது புரொபசருடையது.

“என்னங்க, கல்யாண விசேஷமா? ரெண்டு செட்டு வச்சிருக்கீங்க?” என்றார்.

“ஆமாண்ணே, மாப்பிள்ளை தவளை” என்றாள் செவ்வந்தி. “பொண்ணுதான் கிடைக்கல.”

அவள் இரண்டிலும் கேசட்டைச் சுற்றிச் சுற்றி ஓர் இடத்தில் நிறுத்தினாள். பிறகு இரண்டு பொத்தானையும் ஒன்றாக அமுக்கினாள். ஒன்றில் மருதையன் முழங்கினான், பின்னால் தவளை. மற்றதில் தவளை மட்டும். கொஞ்ச தூரம் முன்பின்னாக ஓடியது. அவள் ஒன்றை ஒரு கணம் நிறுத்தி மறுபடி ஓடவிட்டாள். அவ்வளவுதான். இரட்டை நாயனம் ஒரே மூச்சில் வாசித்ததுபோல இரண்டு தவளையும் சேர்ந்தே கத்தின, சேர்ந்தே நிறுத்தின, சேர்ந்தே விக்கின.

ரெத்தினம் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

“தவளை பொய் சொல்லாதுன்னு நீங்க சொன்னது வாஸ்தவம் சார்” என்றாள் செவ்வந்தி. “நாடகத்துக்கும் மைக் செட் இவருதானே, ஒத்திகையில தானே பதிஞ்ச வசனத்தை ஒரு மெஷின்ல ஓடவிட்டு, புரொபசர் தவளையை இன்னொண்ணுல ஓடவிட்டு, மூணாவதுல ரெண்டையும் சேத்துப் பிடிச்சிருக்காரு. மைக் செட்டுக் கடைக்காரருக்கு மெஷினுக்கா பஞ்சம்? வசனத்துக்கு முன்னாடி ‘வீரர்களே’ன்னு இருந்திருக்கும். அதை வெட்டிட்டாரு. அதனாலதான் விளிக்காம மொட்டையா ஆரம்பிக்குது. இந்த ஜில்லாவுல எந்தச் சங்கத்துப் பேச்சாளராவது ‘தோழர்களே’ன்னு சொல்லாம வாயைத் திறந்திருக்காரா?”

சாரங்கபாணி வஹாப்பைப் பார்த்தார். வஹாப் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக இல்லை. சும்மா, ஆற்றில் தண்ணீர் போவதைப் பார்ப்பதுபோல. அந்தப் பார்வையைத்தான் சாரங்கபாணியால் தாங்க முடியவில்லை.

“பண்ணையார் கேட்டாரு. வயல்னா தவளை வேணுமேன்னு போட்டேன் பாய். கையில இருந்ததை எடுத்தேன். தவளைன்னா தவளைதானே? அதுல என்ன ஜாதி வித்தியாசம்?”

“அந்த ஞானம் மனுஷங்க விஷயத்துல வந்திருக்கலாம்” என்றாள் செவ்வந்தி.

“போரைக் கொளுத்துனது நான் இல்லைங்க. பண்ணையார் ஆளுங்க. அது நனைஞ்சு முளைவிட்ட போர், எப்படியும் கழிக்க வேண்டியது, மண்ணெண்ணெயை ஊத்திடலாம்னாரு. தாசில்தார் வர்ற அன்னிக்கு மருதையன் வயல்ல நிக்கக்கூடாது, அவ்வளவுதான் அவருக்கு வேணும்.”

ரெத்தினம் சாவிக்கொத்தை எடுத்தார். லாக்கப் தாழ்ப்பாள் சரியாகத் திறக்காததால் கதவை இரண்டு உதை உதைத்தார்.

ஜீப் களத்துமேட்டைத் தாண்டி வயலோரம் வந்து நின்றபோது, குடை பிடித்த தாசில்தார் வரப்பில் நின்றிருந்தார். பக்கத்தில் அமிர்தலிங்கம், சட்டையில் சேறு படாமல். வயலுக்குள் பண்ணையின் ஏர் ஒன்று இறங்கியிருந்தது. அது நகரவில்லை. மாடுகளுக்கு முன்னால் பொன்னுத்தாய், இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு, ஒரு மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தபடி முழங்கால் சேற்றில் நின்றாள். உழவந்த ஆள் அவளை மிதிக்கவும் தெரியாமல் திரும்பவும் தெரியாமல் கலப்பையில் சாய்ந்து நின்றான்.

“மருதையன்னு ஒருத்தர் இருக்காரா இல்லையா?” தாசில்தார் அலுத்துப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தார். “ஆளே இல்லைன்னா பண்ணையார் சொல்றதைத்தான் எழுதிக்க வேண்டியிருக்கும்.”

“இருக்கான்” என்றது ஜீப்பிலிருந்து ஒரு குரல்.

மருதையன் குதித்து, வரப்பில் நடக்காமல் குறுக்கே சேற்றில் இறங்கி வந்தான். ரெத்தினம் அமிர்தலிங்கத்திடம் போய், “ஐயா, ஒரு அஞ்சு நிமிஷம் ஜீப்புல ஏறிக்குங்க. ஒரு பாட்டு போட்டுக் காட்டணும்” என்றார். அமிர்தலிங்கம் ஜீப்பைப் பார்த்தார். பின்சீட்டில் சாரங்கபாணி தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவர் சட்டையைப் பற்றிய கவலை போய்விட்டது. சேற்றில் ஒரு கால் வழுக்கியது.

தாசில்தார் பேனாவைத் திறந்தார். “நீதானே மருதையன்? இதுல யார் சாகுபடி?”

“நாங்க” என்றான் மருதையன்.

“நாங்கன்னா?”

“நானும் இவளும்.”

“ஒரு பேருதான்யா எழுத முடியும்.”

மருதையன் பொன்னுத்தாயைப் பார்த்தான். தளபதியின் குரலில் அல்ல, சொந்தக் குரலில் சொன்னான்: “அப்ப அவ பேரை எழுதுங்க சார். நான் எந்நேரமும் உள்ள போற ஆளு.”

தாசில்தார் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவளைப் பார்த்தார். காலையிலிருந்து எல்லோரிடமும் பேசிக்கொண்டிருந்தவள் இப்போது மருதையனைத் திரும்பிப் பார்த்தாள். செவ்வந்தி கரையிலிருந்து, “சொல்லுக்கா” என்றாள்.

“பேரு?” என்றார் தாசில்தார்.

“பொன்னுத்தாய்” என்றாள், மாட்டுக் கயிற்றை விடாமல்.